கருங்கல் முனையில் வெள்ளைச் சுவர்

பார்ட்லிக்குப் பட்டப்பெயர் வைத்தது நான்தான். அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், படகுப் போட்டி அன்றைக்கு, ஊரே கரையில் நின்று பார்க்கும்போது, தன் பாய்மரப் படகைக் கொண்டுபோய் முனைக்கு வெளியே மூழ்கிக் கிடக்கும் பாறையில் ஏற்றினார் பார்ட்லி. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பலகை போனதோடு சரி. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நான் பொத்தவில்லை. "பாறைக்கு முத்தம் குடுத்துட்டாரு பார்ட்லி" என்றேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு கடல் தாண்டி ஆரன் தீவுக்கே போய்விட்டது. படகுத்துறையில் போய் "எந்த பார்ட்லி?" என்று கேளுங்கள், "முத்தம் குடுத்த பார்ட்லியா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள்.

என் வாய் எனக்குச் செய்த கெடுதல்களில் இதுதான் பெரியது. ஏனென்றால் எங்கள் முனைக்குச் சுண்ணாம்பு வருவதே பார்ட்லியின் படகில்தான்.

எங்கள் பக்கம் எங்கே தோண்டினாலும் கருங்கல். அதன்மேல் சதுப்பு. சதுப்பை வெட்டி, கட்டி கட்டியாகக் காயவைத்தால் அதுதான் அடுப்புக்கு விறகு. கடலுக்கு அந்தப் பக்கம் ஆரன் தீவில் எல்லாமே சுண்ணாம்புக் கல், ஆனால் அடுப்பில் வைக்க ஒரு குச்சி கிடையாது. படகுகள் இங்கிருந்து சதுப்புக் கட்டியை ஏற்றிக்கொண்டு போகும். திரும்பும்போது காலியாக வந்தால் கவிழ்ந்துவிடும் என்று அடிப்பாரத்துக்குச் சுண்ணாம்புக் கல்லைப் போட்டுக்கொண்டு வரும். அந்தக் கல்லை வைத்து பார்ட்லி வருஷத்துக்கு ஒரு தரம் காளவாய் மூட்டுவார். வீட்டுக்கு ஒருவர் ஒரு நாள் வேலை செய்தால் வீட்டுக்கு இரண்டு வாளி சுட்ட கல். அதுதான் வழக்கம். நாலு வருஷமாக எங்கள் வாளி போகும்போது மட்டும் கல் தீர்ந்துபோயிருக்கும்.

போகட்டும் என்று இருந்திருப்பேன். வீட்டுப் பூசை இல்லாவிட்டால் இருந்திருப்பேன்.

எங்கள் முனையில் ஆறே வீடு. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை பங்குச் சாமியார் ஏதாவது ஒரு வீட்டுக்கு வந்து, அடுப்போரம் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, சமையலறை மேசைமேலேயே பூசை வைப்பார். முறை வைத்து வரும். முறை வருகிற வீடு வெள்ளையடித்து இருக்கவேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் முறை வந்தபோது வீடு பச்சைக் கருங்கல்லாக நின்றது. மழையில் நனைந்து கன்னங்கரேலென்று இருந்தது. "கல்லறைக்குள்ளயா பூசை வைக்கிறது?" என்று யாரோ சொன்னார்கள். பூசை பார்ட்லி வீட்டுக்குப் போய்விட்டது. நான் அவர் வீட்டு மூலையில் முழங்கால் போட்டு நின்றேன். அவருடைய வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு ஜெபம்கூட நெஞ்சில் இறங்கவில்லை.

இப்போது மறுபடி எங்கள் முறை. ஞாயிற்றுக்கிழமை சாமியார் பீடத்திலிருந்து வாசித்தார்: மூன்று வாரம் கழித்து வரும் செவ்வாய்க்கிழமை, மக்தாரா வீட்டில். வீடு தயாராகவில்லை என்றால் பார்ட்லி வீட்டில். மக்தாரா என் புருஷன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே வந்ததும் பார்ட்லி பக்கத்தில் வந்தார். "கவலைப்படாத நாப்லா. சாமியாருக்கு முட்டை, ரொட்டி எல்லாம் எங்க வீட்டுலயே ஆயிடும். நீ வந்து பழைய மூலையிலயே முழங்கால் போட்டுக்கோ."

பல்லைக் கடித்துக்கொண்டு, "ரெண்டு வாளி சுண்ணாம்பு குடுங்கண்ணே. ரெண்டு நாள் வேலை செஞ்சு தர்றேன்" என்றேன்.

"குடுக்கிறேன். அந்தப் பேரைத் திரும்ப எடுத்துக்கோ. இங்கயே, கோயில் வாசல்லயே, எல்லாரும் கேக்கிற மாதிரி."

"திரும்ப எடுக்க அது என்னண்ணே, வெயில்ல காயப்போட்ட துணியா? இப்ப ஊர் வாயில இல்ல இருக்கு."

"அப்ப சுண்ணாம்பையும் ஊர் வாயிலயே வாங்கிக்கோ" என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் நான் பேசவில்லை. மக்தாரா பயந்துவிட்டான். அவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எங்கள் வீட்டில் பேசுகிற வேலை என்னுடையது. ஓடைமுகத்தைத் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. சுண்ணாம்புக் கல் வேண்டாத படகுக்காரர்கள் எல்லாம் அடிப்பாரத்தைக் காலங்காலமாக அந்த ஓடைமுகத்தில்தான் கொட்டுகிறார்கள். எங்கள் அப்பா காலத்துக்கு முன்னாலிருந்து கொட்டுகிறார்கள். பாசி பிடித்து, சேற்றில் புதைந்து கிடக்கிறது. கடல் மூடின கல் எடுத்தவருக்குச் சொந்தம். அதை மறுக்க பார்ட்லிக்கும் வாய் கிடையாது.

"மக்தாரா, அந்தக் காலத்துப் பெரிய வீட்டு ஜமீன்காரங்க விட்டுட்டுப் போன பழைய காளவாய் இன்னும் நிக்குதா?"

"நிக்குது."

"உள்ள எப்படி?"

"முள்ளு."

"நாளைக்கு வெட்டு" என்றேன்.

அந்த வாரம் பெரிய வற்றம். கடல் நன்றாகப் பின்வாங்கிப் போகிற நாட்கள். நானும் என் நாத்தனார் நான்சியும் முழங்கால் சேற்றில் நின்று கல் பொறுக்கினோம். நான்சிக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு ஆம்பளை செய்கிற வேலையைச் செய்வாள், சொல்கிற பேச்சை மட்டும் காதில் வாங்கமாட்டாள். பாசிக்குள் எல்லாக் கல்லும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் கடல் பூச்சி கருங்கல்லைத் தொடாது, சுண்ணாம்புக் கல்லில்தான் துளை போடும். விரலை வைத்துத் தடவினாலே தெரியும். அப்படியும் சந்தேகமென்றால் சுத்தியால் ஒரு தட்டு. வெடி வெடித்த வாசனை வந்தால் அது நம் கல். நாலு நாளில் கழுதை முப்பது நடை நடந்தது. பிறகு அத்தனையையும் கைமுட்டி அளவுக்கு உடைத்தோம். என் உள்ளங்கையில் தோலே இல்லை.

மக்தாரா முள்ளை வெட்டி, உள்சுவரில் விழுந்த கல்லை எடுத்துக் கட்டி, களிமண் பூசி வைத்திருந்தான். அடியில் முட்செடி, அதன்மேல் போன வருஷத்துச் சதுப்புக் கட்டி, அதன்மேல் ஒரு வரிசை கல், மறுபடி கட்டி, மறுபடி கல். வாய்வரைக்கும் நிரப்பினோம். அடுத்த வாரம் வியாழக்கிழமை காலையில் எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பை எடுத்துவந்து, காளவாய் அடியில் இருக்கிற ஓட்டையான கீழ்க்கண்ணில் வைத்தேன். புகை எழும்பியது. எனக்குச் சிரிப்பு வந்தது, காரணமில்லாமல் சிரித்தேன்.

புகையைப் பார்த்ததும் பார்ட்லி வராமல் இருப்பாரா? மத்தியானம் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கல்லை வேகவச்சு யாருக்கு விருந்து?"

"முதல் கிண்ணம் உங்களுக்குத்தாண்ணே. பல்லை மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க."

நான்சி குனிந்து சிரித்தாள். அவர் ஒரு நடை சுற்றிவந்து, கீழ்க்கண்ணில் எட்டிப் பார்த்து, "ம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அதன் அர்த்தம் தெரிந்தது. காளவாய் வேகவேக மேல்மட்டம் இறங்கவேண்டும். கட்டி எரிந்து சாம்பலாக, கல் அமர்ந்து அமர்ந்து கீழே வரும். நாம் மேலே இன்னும் போடுவோம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை முழுக்க மேல்மட்டம் ஒரு விரற்கடை இறங்கவில்லை. புகை மட்டும் கனத்துப்போய், ஈரத்துணியை எரித்ததுபோல் வந்தது.

"உன் காளவாய் தொங்குது" என்றார் பார்ட்லி. எப்போது வந்தார் என்றே தெரியவில்லை. இந்தத் தடவை குரலில் கிண்டல் இல்லை. "நடுவுல எதுவோ குறுக்க மாட்டியிருக்கு. கீழ இருக்கிறது எரிஞ்சு போயிடும், மேல இருக்கிறது பச்சையாவே நிக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் இப்படியே இருந்துச்சுன்னா, மறுபடி கட்டி வெட்டி, கல்லு பொறுக்கி, அடுத்த வருஷம் பாத்துக்க வேண்டியதுதான்."

"மாட்டறதுக்கு அதுல என்ன இருக்கு? எல்லாம் கைமுட்டிக் கல்லுதானே?"

நான்சியின் முகம் வெளுத்தது. "மதினி... வரிசை சமமா வரலேன்னு ஒரு தட்டைக் கல்லு வச்சேன். மேலேருந்து மூணாவது வரிசையில."

"எங்கேருந்து எடுத்த?"

"அந்தா, வேலிச் சுவத்துலேருந்து."

"கருங்கல்லா நான்சி?"

"கருங்கல்லுதான். நம்ம ஊர்ல கல்லுன்னா அதுதானே மதினி. கை தானா போயிடுச்சு."

அவளைத் திட்டக்கூட என்னால் முடியவில்லை. பிறந்ததிலிருந்து கருங்கல்லில் உட்கார்ந்து, கருங்கல்லில் வேலி போட்டு, கருங்கல்லில் இடறி விழுந்தவள். நானே ஆனாலும் கை அதற்குத்தான் போயிருக்கும்.

"என்கிட்ட பன்னெண்டு அடிக் கம்பி இருக்கு" என்றார் பார்ட்லி. "கீழ்க்கண்ணு வழியா விட்டு ஒரு குத்து குத்துனா இறங்கிடும். வீட்டுலதான் இருக்கு. ஒரே ஒரு வார்த்தை சொல்லு நாப்லா, ஓடிப்போய் எடுத்துட்டு வர்றேன். இங்க நாம நாலு பேர்தான். கோயில் வாசல்கூட வேணாம்."

உண்மையைச் சொல்கிறேன். நான் வாயைத் திறந்துவிட்டேன். பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் திறந்தேன். முப்பது நடை நடந்த கழுதையும், தோல் போன கையும், அந்த மூலையில் முழங்கால் போட்ட நாளும் எல்லாம் சேர்ந்து என் கழுத்தைப் பிடித்து அழுத்தின.

"தண்ணி" என்றான் மக்தாரா.

நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம்.

"கருங்கல்லுதானே. தண்ணி ஊத்தினா வெடிக்கும்."

வீட்டுக்கு இடம் எடுத்தபோது நடுவில் ஒரு மாடு அளவுக்குக் கருங்கல் கிடந்தது. அதன்மேல் இரண்டு நாள் நெருப்பு வைத்து, பழுத்ததும் ஒரு வாளி கடல் தண்ணீர் ஊற்றி அதை நாலாகப் பிளந்தவன் அவன். எங்கள் ஊர் ஆம்பளைகள் எல்லாருக்கும் தெரிந்த வேலைதான் அது. ஆனால் காளவாயில் தண்ணீர் ஊற்றலாம் என்று யாருக்குத் தோன்றும்?

பார்ட்லி பின்னால் நகர்ந்தார். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? சுண்ணாம்புக் காளவாயிலயா தண்ணி ஊத்துவாங்க? வெந்த கல்லுல பட்டா கொதிச்சு மூஞ்சியில அடிக்கும். கண்ணு போயிடும். எங்க பெரியப்பாவுக்குப் போச்சு."

"மேல இருக்கிறது இன்னும் வேகல. பச்சைதான். அந்தத் தட்டை மட்டும்தான் பழுத்திருக்கும்" என்றான் மக்தாரா. அன்றைக்கு உண்டான பத்து வார்த்தையை அவன் எப்போதோ தாண்டியிருந்தான். "வரிசையை வாரிப்போட்டுட்டு ஊத்தலாம். நான் ஊத்தறேன்."

"நீ ஊத்த வேணாம். வாயாடினது நான், வீடும் எனக்குத்தான் வேணும். நான் ஊத்தறேன்."

நீளவாரியால் மேலிருந்த இரண்டு வரிசையையும் இழுத்துத் தள்ளினோம். முகத்தைச் சுட்டது. புகைக்கு நடுவே தட்டைக் கல் தெரிந்தது. அடுப்புக் கதவு மாதிரி குறுக்கே, மங்கின சிவப்பில் இருந்தது. ஈரப் போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டேன். வாளியைத் துடுப்பு நுனியில் கட்டி, துடுப்பின் பின்பக்கத்தை மக்தாரா பிடித்துக்கொள்ள, நான் நடுவில் பிடித்துக் கவிழ்த்தேன்.

முதல் வாளிக்கு வெறும் ஆவிதான் வந்தது.

"போதும், வந்துடு நாப்லா" என்றார் பார்ட்லி. அவர் குரல் நடுங்கியது, எனக்காகத்தான் நடுங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாவது வாளி. துப்பாக்கி சுட்டதுபோல ஒரு சத்தம். கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அடுத்த நொடி காளவாய் அடியிலிருந்து உறுமி, மேல்மட்டம் மொத்தமும் ஒரு முழம் திடுமென்று கீழே இறங்கியது. தீப்பொறி பாய்மர உயரத்துக்கு எழும்பியது. நான்சி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பார்ட்லி சேற்றில் உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் புகை மெலிந்து, நல்ல நீலமாக வந்தது.

அவர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டு, "கம்பி வேணாம்ல" என்றார்.

"வேணாம்ணே. அதை வச்சுக் கோழியைத் துரத்துங்க" என்றேன். கொஞ்சம் முன்னால் நான் வாயைத் திறந்தது எதற்கு என்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது நெருப்பு அடங்கியிருந்தது. திங்கட்கிழமை ஆறவிட்டு, செவ்வாய்க்கிழமை கீழ்க்கண்ணைத் திறந்தோம். உடைந்த கருங்கல் துண்டுகளைப் பொறுக்கி எறிந்தோம். வெந்த கல் போட்ட உருவத்திலேயே இருக்கும், தூக்கினால்தான் தெரியும். பாதிக் கனம்கூட இல்லை. ஆனால் தூக்கிப் பார்த்து நம்புவதற்கு நான் ஆளில்லை. தொட்டியில் ஒரு கல்லைப் போட்டு நான்சி தண்ணீர் ஊற்றினாள். கல் சும்மா கிடந்தது.

"குளிக்குது" என்றாள் நான்சி.

நான் சிரிக்கவில்லை. பத்து எண்ணியிருப்பேன். உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம் வந்தது. கல்லில் ஒரு கோடு விழுந்தது, பிறகு இன்னொன்று. தண்ணீர் சீறிக் கொதித்தது. கல் பூரித்து, விரிந்து, மாவுபோல உதிர்ந்து தொட்டி முழுக்க வெள்ளையாக நின்றது. மக்தாரா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "வெள்ளை" என்றான். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு.

எல்லாவற்றையும் நீற்றி, நாலு நாள் ஊறவைத்து, உப்புப் போட்டுக் கலக்கி, துணியில் வடிகட்டினோம். மழை விட்ட இடைவெளியில் அடிக்கத் தொடங்கினோம். முதல் பூச்சு சனிக்கிழமை. கை வெந்தது, வெண்ணெய் தடவிக்கொண்டு அடித்தேன். திங்கட்கிழமை மத்தியானம் கடலைப் பார்த்த பக்கச்சுவரில் கடைசிப் பூச்சு. சுண்ணாம்பு ஈரத்தில் வெள்ளையாகத் தெரியாது. காய்ந்தால்தான் வெளுக்கும். அது தெரிந்தே பார்ட்லி படகில் சதுப்புக் கட்டி ஏற்றிக்கொண்டு வெளியே போகும்போது கத்தினார்:

"பாத்திரம் கழுவுன தண்ணியை அடிச்சிருக்கியா நாப்லா?"

"நாளைக்கு வந்து பாருங்கண்ணே" என்று நானும் கத்தினேன்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது பனிமூட்டம். முற்றத்தில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன். வீடு வெளுத்து நின்றது. மூட்டத்துக்குள்ளும் கண் கூசியது. இது என் வீடுதானா என்று போய்க் கையை வைத்துப் பார்த்தேன். கையில் வெள்ளை ஒட்டியது. அதைத் துடைக்க மனம் வரவில்லை.

சாமியார் குதிரையிலிருந்து இறங்கினார். "என்னம்மா நாப்லா, வழி மாறி வந்துட்டேனோன்னு நினைச்சேன்" என்றார்.

"அதே வழிதான் சாமி. மூணு வருஷமா நீங்கதான் வரல" என்றேன்.

ஆறு வீட்டு ஜனமும் சமையலறையில் நெருக்கியடித்து நின்றார்கள். பார்ட்லி மட்டும் இல்லை. அவர் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டத்தில் படகு இன்னும் திரும்பவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்கும் சங்கடமாக இருந்தது. பூசையில் அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் கதவு மெல்லத் திறந்து, நனைந்த பூட்ஸ் சத்தம் கேட்டது. பார்ட்லி உள்ளே வந்து, இருந்த ஒரே இடத்தில், மூலையில் முழங்கால் போட்டார். எனக்கு அந்த நேரம் ஜெபம் நன்றாக இறங்கியது. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

பூசை முடிந்து சாமியார் இரண்டாவது முட்டையை உடைத்துக்கொண்டே, "என்னப்பா பார்ட்லி, இவ்வளவு நேரமாச்சு?" என்றார்.

பார்ட்லி தொப்பியைக் கையில் சுற்றினார். "மூட்டம் சாமி. அலை பாறையில உடையற சத்தம் மட்டும் கேக்குது. எந்தப் பக்கம்னு தெரியல." எந்தப் பாறை என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. "போச்சுடான்னு நினைச்சப்ப மேல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சுது. வேற படகோட பாயின்னு நினைச்சேன். அசையல. அப்புறம்தான் தெரிஞ்சுது, இவ சுவரு. அதை நேரா மூக்குக்கு முன்னாடி வச்சுகிட்டேன். பாறை பாட்டுக்கு இடது பக்கம் போச்சு. நேரா துறைக்கு வந்துட்டேன்."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். அத்தனை பேர் முன்னாலும் திரும்பினார்.

"அடுத்த பூசை எங்க வீட்டுல. இங்கேருந்து பாத்தா எங்க சுவரு மஞ்சப் பல்லு மாதிரி இருக்குது. உங்கிட்ட சுண்ணாம்பு மிச்சம் இருக்கா, நாப்லா?"

நான்சி என் முழங்கையை இடித்தாள். சொல்வதற்கு நல்ல பதில்களாக ஏழெட்டு வந்து நாக்கு நுனியில் நின்றன. சாமியார்கூட முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"இருக்குண்ணே. ஒரு நாள் வேலைக்கு வாங்க. எல்லாரையும் போல ரெண்டு வாளி" என்றேன்.

அவர் வந்தார். அடுத்த வாரமே வந்து, நாள் முழுக்க என் உருளைக்கிழங்கைத் தோண்டினார். வாளியை நிரம்ப அள்ளிக் கொடுத்தேன், மூன்றாவதாக ஒன்றும் சேர்த்து. அந்தப் பெயரை நான் திரும்ப எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. இப்போது ஆரன் தீவுக்காரர்கள் வரைக்கும், மூட்டமோ மழையோ, நாப்லா சுவரை மூக்குக்கு நேரே வைத்துத்தான் உள்ளே வருகிறார்கள். அந்தப் பாறைக்கு முத்தம் கொடுக்க இனி யாரும் இல்லை.